கறை ஓரிடம், ஒழுக்கு வேறிடம்

இவ்வாரத் தியானப் பகுதி: லேவியராகமம் 14:33–48, எசேக்கியேல் 13:10–15



எங்கள் வீட்டு முன்றலில் இரண்டரை ஆண்டுகளாக நிற்கும் பழைய ட்ரெயிலரை உங்களில் அநேகர் கண்டிருக்கிறீர்கள். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கு வரவேண்டியிருந்தது. "பாஸ்டர், இன்னும் வேலை முடியேல்லையோ?" என்று கேட்காதவர்கள் சிலரே. அந்தக் கேள்விக்கான பதிலை இன்று எழுதுகிறேன். இதே சபைக்கு நான் கடன்பட்டிருக்கும் வேறொரு பதிலும் இதனுள் இருக்கிறது. அதனால் சற்று நீளமாக எழுத நேர்ந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீட்டைத்தான் ட்ரெயிலர் என்கிறோம். எங்களுடையது 1968இல் செய்யப்பட்டது, என்னைவிட மூத்தது. ரொறொன்ரோவுக்கு மேற்கே இரண்டு மணிநேரப் பயணத் தொலைவில், ஒரு முதிய விவசாயியின் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குள் புதைந்து கிடந்ததை 1,400 டொலருக்கு வாங்கினேன். பக்கவாட்டில் பார்த்தால் உருண்டையான தகரப் பேணியைப் போலிருக்கும். என் மனைவி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "தறப்பாளுக்குக் கீழை படுத்தது காணாதே?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்த இரவில் நாங்கள் இருவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, அந்தச் சனத்துக்குள் இருந்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த மாரி முழுவதும் தறப்பாளின் கீழே படுத்தோம். ஓரிடத்தில் சொட்டினால் பாயை மறுபக்கம் இழுப்போம், அங்கும் சொட்டும். தலைக்கு மேலே மழை கேட்க வேண்டும், ஆனால் தலையில் விழக்கூடாது என்ற ஆசை அன்றிலிருந்தே எனக்குள் இருந்திருக்கவேண்டும். மற்றவர்கள் ஏரிக்கரையில் கொட்டேஜ் வாங்க விரும்புவதைப்போல, நான் இந்தத் தகரப் பேணியை விரும்பினேன்.

இனி இவ்வகை வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். அது விளங்கினால்தான் பின்னர் வருவது விளங்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட ட்ரெயிலர்களில் பெரும்பாலானவை மரவீடுகள். மெல்லிய பைன் சட்டங்களால் எலும்புக்கூடு. உட்புறம் 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. நடுவில் குளிர் தாங்கும் கண்ணாடிப் பஞ்சு. வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் அலுமினியத் தகடு. பக்கச் சுவர்த் தகடும் கூரைத் தகடும் சந்திக்கும் விளிம்பு நெடுகிலும் ஓர் அலுமினியப் பட்டி ஓடும். அந்தப் பட்டியின் கீழே களிம்பு வைத்து, திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். புதிதாயிருக்கையில் களிம்பு மென்மையாக இருந்து நீரைத் தடுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து, வெடித்து, மண்போல் உதிரும். அந்த மயிரிழை இடைவெளியில் மழைநீர் புகும். குளிர்காலத்தில் அது உறைந்து ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். இடைவெளி மேலும் அகலும். அடுத்த மழைக்கு வாசல் முன்னதைவிடப் பெரிதாயிருக்கும். வெளியே பார்த்தால் தகடு பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கும்.

வாங்கிய முதல் கோடையில், பின்புற வலது மூலையில், படுக்கைக்கு மேலே ஒரு கறையைக் கண்டேன். தேநீர் ஊற்றியதுபோல் பழுப்பு நிறம், உள்ளங்கை அளவு. அதற்கு நேர் வெளியே ஒரு ஜன்னல். ஆகவே ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று தீர்மானித்தேன். கடைக்குப் போய் மூன்று குழாய் சிலிக்கோன் வாங்கிவந்து, ஜன்னலைச் சுற்றிலும் அந்த மூலை முழுவதிலும் தடித்த வெள்ளை வரம்பாகப் பூசினேன். உள்ளே கறையின்மேல் வர்ணம் அடித்தேன். ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் வேலை முடிந்தது. என் கைத்திறனில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

மகள் வந்து பார்த்தாள். பெருவிரலால் சுவரை அழுத்தினாள். "இஞ்சை மெதுவா இருக்கு அப்பா," என்றாள்.

"காய்ந்தால் சரியாகிவிடும்," என்றேன்.

அந்தக் கோடையில் கறை வெளித்தெரியவில்லை. இலையுதிர்கால மழையில் இரு மடங்காகத் திரும்பி வந்தது. பனி கொட்டத் தொடங்கியதும் வண்டியை மூடிக் கட்டிவிட்டு, வசந்தத்தில் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

கைகள் தளர்ந்துபோனால் வீடு ஒழுகும் என்ற கருத்தைப் பிரசங்கி 10:18இல் வாசிக்கிறோம். சோம்பலைக் கண்டிக்க நானும் பலமுறை அந்த வசனத்தை எடுத்தாண்டிருக்கிறேன். ஆனால் என் வீடு சோம்பலால் ஒழுகவில்லை. நான் சுறுசுறுப்பாக, வியர்வை சிந்த, பிழையான இடத்தில் வேலைசெய்தேன். அதற்கென்று ஒரு வசனம் வேண்டுமானால் எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒருவன் சுவரைக் கட்டுகிறான். வேறு சிலர் வந்து சாரமற்ற சாந்தை அதன்மேல் பூசுகிறார்கள். பெருமழையும் கல்மழையும் கொடுங்காற்றும் வரும்போது அந்தச் சுவர் விழுந்து அஸ்திபாரம் வெளிப்படும் என்று கர்த்தர் எச்சரிக்கிறார். இந்தப் பகுதியில் நெடுங்காலம் என் கண்ணில் படாத ஒன்று உண்டு. பூசுகிறவர்கள் மேசன்மார் அல்லர், தீர்க்கதரிசிகள். சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று பிரசங்கிக்கிறவர்கள். அதாவது, என் தொழில் செய்கிறவர்கள்.

வசந்தம் வந்தது. மகளுக்கு அப்போது பதினேழு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எப்போதும்போல் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்தாள், கீபோர்ட் வாசித்தாள், ஞாயிறு பாடசாலையில் சிறு பிள்ளைகளுக்கு உதவினாள். நீங்கள் கண்டது அது. வீட்டில் நாங்கள் கண்டது வேறு. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். பல்கலைக்கழகங்களைப் பற்றித் தேடத் தொடங்கியபோது, ரொறொன்ரோவில் இத்தனை இருக்க, ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹலிஃபக்ஸைப் பற்றியே வாசித்தாள். கைத்தொலைபேசிதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். இரவில் அதைப் பறித்து வைத்தேன். பிறகு சிநேகிதிகள் காரணம் என்று நினைத்தேன். பிறகு வயது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிக்கோன் குழாய் என்னிடம் இருந்தது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க இருவர் வேண்டும் என்று பழைய ட்ரெயிலர்களைத் திருத்தும் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார். ஒருவர் டோர்ச் லைட்டுடன் உள்ளே இருக்கவேண்டும். மற்றவர் வெளியே தோட்டக் குழாயால் நீர் விடவேண்டும். மேலிருந்து தொடங்கக்கூடாது, தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது வாசல் என்று தெரியாமற் போய்விடும். கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்று, பிறகு ஒரு முழம் மேலே ஏறவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. மனைவிக்கு அன்று வேலைநாள். ஆகவே மகளைக் கூப்பிட்டேன். அவள் மறுக்கவில்லை. உட்புற ஒட்டுப்பலகையை முந்தின நாளே கழற்றியிருந்தோம், சட்டங்கள் தெரிந்தன. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்புறக் கீழ் விளிம்பு: பத்து நிமிடம், ஒன்றுமில்லை. நான் சிலிக்கோன் பூசிய ஜன்னல்: பத்து நிமிடம், ஒன்றுமில்லை. இன்னும் பத்து நிமிடம் விட்டேன். ஜன்னல்தான் என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அப்பா, நீங்கள் பிழையான இடத்திலை தண்ணி அடிக்கிறியள்."

அந்த மெல்லிய தகட்டினூடாகக் குரல் தெளிவாகக் கேட்டது. முகம் தெரியவில்லை. அதனாலோ என்னவோ, முகத்துக்கு நேரே கேட்க எனக்குத் துணிவில்லாத கேள்வியைக் கேட்டேன். ஏன் ஹலிஃபக்ஸ்? எங்களிடமிருந்து ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்?

நீர் தகட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "அப்பம்மா செத்த வருசம், நவம்பரிலை நீங்கள் செய்த பிரசங்கம் நினைவிருக்கே?"

நினைவிருந்தது. உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. என் தாயார் யாழ்ப்பாணத்தில் நோயுற்றுக் கிடந்த மாதங்களில், என் மகள் இரவு இரவாக அவருக்காக ஜெபித்தாள். தாயார் இறந்தபின் ஒருநாள் நடுச்சாமத்தில், குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்து, ஜெபத்தை யாரும் கேட்டதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றும், கேட்கிறவர் ஒருவர் இருக்கிறாரா என்பதே தனக்குச் சந்தேகம் என்றும் சொன்னாள். பதினைந்து வயதுப் பிள்ளை, போதகரான தகப்பனிடம் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! நான் அவளை அணைத்துக்கொண்டு ஜெபித்தேன். அவள் ஆமென் சொல்லவில்லை. அழுது களைத்துப்போய் நித்திரைக்குப் போனாள். நடந்தது அவ்வளவே.

மூன்று வாரம் கழித்து, விசுவாசத்தைக் குறித்த பிரசங்கத்தில் அந்த இரவை உங்களுக்குச் சொன்னேன். அவளிடம் கேட்காமல் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, "என் வீட்டில் ஒரு பிள்ளை" என்றேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அதோடு நில்லாமல், நடக்காத ஒரு முடிவையும் சேர்த்தேன். அந்த ஜெபத்தின் முடிவில் அவளுடைய சந்தேகம் நீங்கி, அவள் விசுவாசத்துக்குத் திரும்பினாள் என்று சொன்னேன். ஆராதனை முடிந்ததும் எத்தனை தாய்மார் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினீர்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். மிகவும் ஆசீர்வாதமான ஆராதனை என்று நான் அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன்.

"என்னட்டை ஒருக்காக் கேட்டனீங்களே அப்பா?" என்று தகட்டுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "நான் திரும்பி வந்திட்டன் எண்டு எல்லாருக்கும் சொன்னனீங்கள். நான் வரேல்லை. பிறகு நான் எப்பிடி அதைப்பற்றி உங்களோடை கதைக்கிறது? உங்கடை கதையிலை அது முடிஞ்சுபோச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. நல்ல பதில் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. குழாயைப் பிடித்தபடி ஏணியில் ஏறி, வண்டியின் முன்பக்கம் போனேன். அங்கே, கூரையின் முன் விளிம்பில், இரவில் எதிரே வருகிறவர்களுக்கு வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் காட்டுவதற்காகப் பொருத்தப்பட்ட சிறிய செம்மஞ்சள் விளக்குகள் இருக்கின்றன. வலது விளக்கின்மேல் நீரை விட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"வந்திட்டுது!" என்று கத்தினாள். கறை இருந்த மூலையில்தான். விளக்கிலிருந்து ஏறக்குறைய நான்கு மீட்டர் தள்ளி.

எப்படி என்று கேட்பீர்கள். விளக்குக்குப் போகும் மின்கம்பிக்காகத் தகட்டில் துளையிட்டிருக்கிறார்கள். விளக்கின் அடியிலிருந்த களிம்பு செத்துப்போய்விட்டது. துளையால் புகுந்த நீர் உடனே கீழே விழவில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு கூரையின் உள் விளிம்பு நெடுகிலும் பின்புற விளக்குவரை பயணம் செய்தது. எங்கள் முன்றல் சரிவானது. வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நின்றது அதற்கு வசதியாயிற்று. கம்பி மூலையில் திரும்புமிடத்தில்தான் நீர் இறங்கியது. அங்கே நான் வெளியிலிருந்து சிலிக்கோன் பூசி, நீர் வடிந்துபோக இருந்த சின்னஞ்சிறு வழிகளையும் அடைத்து வைத்திருந்தேன். ஆகவே முன்னர் கொஞ்சமாவது வடிந்துபோன நீர், என் திருத்த வேலைக்குப் பிறகு சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. உளுத்தலை விரைவாக்கியவன் நானேதான்.

தகட்டை உயர்த்தியபோது மூலைச் சட்டம் கையோடு வந்தது. பழுப்பு நிறத்தில், சிறு சிறு சதுரக் கட்டிகளாக உடைந்தது. விரலால் நசுக்கினால் மாவாயிற்று. ஈரப்பதமானியின் இரண்டு முனைகளையும் பக்கத்து மரத்தில் குத்தினோம்: 31 சதவீதம். 20க்கு மேல் நெடுநாள் நின்றாலே பூஞ்சணம் தங்கக்கூடும் என்பார்கள்.

இந்த இடத்தில் லேவியராகமத்துக்கு வருகிறேன். பதினாலாம் அதிகாரத்தில் வீட்டில் வரும் குஷ்டதோஷத்தைப் பற்றிய பிரமாணத்தை நாம் அநேகமாகப் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். நானும் அதிலிருந்து ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. சுவரில் பச்சையும் சிவப்புமாய்க் குழிவிழுந்த அடையாளம் கண்டால், வீட்டுக்காரன் தானே ஆசாரியனிடம் போய், என் வீட்டில் ஏதோ இருப்பதுபோல் தோன்றுகிறது என்று சொல்லவேண்டும். ஆசாரியன் வந்து பார்க்குமுன் வீட்டை வெறுமையாக்கவேண்டும். பார்த்தபின் ஏழு நாள் அடைத்து வைத்துத் திரும்ப வந்து பார்க்கவேண்டும். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்துப் பட்டணத்துக்குப் புறம்பே போடவேண்டும். உட்புறம் முழுவதையும் சுற்றிலும் செதுக்கவேண்டும். அதன்பிறகுதான் வேறு கல், வேறு சாந்து. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். சாந்து கடைசியில்தான் வருகிறது. பார்த்தவுடன் பூசுவதற்குப் பிரமாணத்தில் எங்குமே இடமில்லை. பிரமாணத்தைத் தந்தவர் வீடுகளை நன்றாக அறிந்தவர்.

எனக்கிருந்த சிக்கல், வீட்டுக்காரனும் நான், ஆசாரியனும் நான் என்பதுதான். போய்ச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை என்று எண்ணிக்கொண்டேன். அது பொய். சொல்லவேண்டியவள் சுவருக்கு அப்பால்தான் இருந்தாள்.

பிறகு நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சிலிக்கோனை அகற்றவேண்டியிருந்தது. அதற்கே இரண்டு வாரம் போயிற்று. சிலிக்கோனின் குணம் விசித்திரமானது. அது காய்ந்த இடத்தில் வேறெந்தக் களிம்பும் ஒட்டாது, வர்ணமும் ஒட்டாது, புதிய சிலிக்கோனும் சரியாக ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத மென்படலம் மிஞ்சினாலும் போதும். பிளாஸ்ரிக் அலகால் சுரண்டி, மதுசாரத்தால் துடைத்து, மீண்டும் சுரண்டினோம். நான் பூச எடுத்தது ஒரு பிற்பகல். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கமாக நின்று சுரண்டினோம். முதல் சில நாட்கள் ஒன்றும் பேசவில்லை. பேசவேண்டும் என்று எனக்குள் துடித்தது. ஒரு ஜெபத்தால் முடித்துவிடலாமா என்றுகூட எண்ணினேன். அலகு கையில் இருந்தபடியால் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவளாகத் தொடங்கினாள். அப்பம்மாவைப் பற்றி. நானே மறந்துபோயிருந்த சிறு சிறு விடயங்கள். தொலைபேசியில் அவர் அவளுக்குச் சொன்ன பழைய கதைகள்.

உளுத்த மரத்தை வெட்டும்போது, உளுத்த இடத்தோடு நிறுத்தக்கூடாது; திருப்புளியைக் குத்தினால் இறங்காத மரம் வரும்வரை போகவேண்டும். நான் ஓரிடத்தில் நிறுத்தப் பார்த்தேன். அவள் குத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் மெதுவா இருக்கு," என்றாள். இந்தமுறை காய்ந்தால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் ஒரு முழம் வெட்டினோம். மிஞ்சிய மரம் காயும்வரை மின்விசிறி வைத்துக் காத்திருந்தோம். 31, 24, 19, 15 என்று எண் இறங்க ஐந்து வாரமாயிற்று. ஒவ்வொரு வாசிப்பையும் அவள் சட்டத்திலேயே பென்சிலால் எழுதி வைத்தாள். அந்த எண்கள் இப்போது பலகைக்குப் பின்னால் இருக்கின்றன. பிறகு புதிய பைன் சட்டம், பசை, துருப்பிடிக்காத திருகாணி. பட்டியின் கீழே பழைய களிம்புக்குப் பதிலாகப் பியூட்டைல் நாடா வைத்தோம். அது சாம்பல் நிறத்தில் சூயிங்கம் போலிருக்கும்; இறுகிக் காய்ந்துவிடாமல் நெடுங்காலம் நெகிழ்வாகவே இருந்து, வெப்பத்தில் விரியும் தகட்டோடு தானும் நகரும். ஒரேயடியாக இறுக்கக்கூடாது. வெயிலில் சில நாள் விட்டு, பிதுங்கி வந்ததை வெட்டி, மறுபடி சிறிது இறுக்கவேண்டும். விளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி அவ்வாறே மீண்டும் பொருத்தினோம். கடைசியில் ஓர் இலை ஊதும் இயந்திரத்தால் வண்டிக்குள் காற்றை நிரப்பி, வெளியே சவர்க்கார நீரைத் தெளித்தோம். காற்று வெளியேறும் இடத்தில் குமிழி வரும். இரண்டு இடங்களில் வந்தது. அவற்றையும் திறந்து செய்தோம்.

அலங்கார வேலை அவளுடையது. நான் பின்பக்கம் ஒரு பெரிய மர அலுமாரி செய்ய ஆசைப்பட்டேன். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னாலுள்ள கொளுவியின்மேல் விழவேண்டும், பின்னால் பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டும் என்று அவள் தேடிப் படித்துச் சொல்லி, அலுமாரியைத் தள்ளுபடி செய்தாள். பழைய பனிக்கட்டிப் பெட்டியைப் புத்தகத் தட்டாக்கினாள். மடக்கு மேசைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தாள். அது சற்று அதிகமான மஞ்சள் என்பது என் அபிப்பிராயம். அடுப்புக்கு மேலே இடியப்பத் தட்டுகள் கொளுவ ஆணி அடித்தவர் என் மனைவி. தறப்பாளைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

அந்தக் கோடையிலேயே, உங்களுக்கு முன்பாக நின்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். "திரும்பவும் என்னைப்பற்றி மேடையிலை கதைக்கப்போறியளே?" என்று கேட்டாள். அதற்கு எனக்குப் பதிலில்லை. பாவ அறிக்கையையும் என் பிரசங்கத்துக்கு ஒரு கதையாக்கிக்கொள்ள நான் ஆயத்தமாயிருந்தேன் என்பதை அவள் என்னிலும் முன்னே கண்டுகொண்டாள். ஆகவே ஓராண்டுக்கு மேல் சும்மா இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கபீடத்தில் ஏறும்போது அது நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

இந்த ஜூலையில் வண்டியை அல்கோன்குயின் பூங்காவுக்கு இழுத்துப்போனோம். 60ஆம் நெடுஞ்சாலையோரத்தில் இரண்டு ஆறுகளின் ஏரி என்று பெயர்கொண்ட ஏரியின் கரையில் மூன்று இரவு. இரண்டாம் இரவு மழை தொடங்கியது. தகரக் கூரையில் மழை. நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்க விரும்பிய சத்தம். ஆனாலும் நித்திரை வரவில்லை. மூன்று மணியளவில் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்புற மூலைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு வெளிச்சம் இருந்தது. அவள் முழந்தாளில் நின்று ஈரப்பதமானியைக் குத்திக்கொண்டிருந்தாள். எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: 14. இருவரும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்தோம்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் தேநீர் குடிக்கையில், "இப்ப எழுதலாம் அப்பா. ஆனா மேடையிலை வேண்டாம். நான்தான் முதல் வாசிப்பன்," என்றாள். அதன்படி இதை அவளுக்கு அனுப்பினேன். இரண்டு பந்திகளை வெட்டிவிட்டாள். ஒன்று எனக்கு மிகவும் பிடித்த பந்தி.

ஆகவே சபையாரே, அந்த நவம்பர் ஞாயிறு நான் சொன்ன கதையின் முடிவு உண்மையன்று. என் பிள்ளையின் இரகசியத்தை அவளுடைய அனுமதியின்றி உங்களுக்குச் சொன்னேன். உங்களைத் தேற்றுவதற்காக, அதிலும் மேலாக என் பிரசங்கம் நன்றாக முடியவேண்டும் என்பதற்காக, ஒரு பொய்யைச் சேர்த்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் கேட்கிறேன். மூப்பர் சபைக்கும் இதை அறிவித்திருக்கிறேன். அந்தப் பிரசங்கத்தால் தேற்றப்பட்டதாக என்னிடம் சொன்னவர்கள் உங்களில் சிலர் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொன்னவர்களும் உண்டு. உங்களை ஒவ்வொருவராக வந்து சந்திக்க விரும்புகிறேன். கோபத்தோடு வரவேற்றாலும் வருவேன்.

அவள் இப்போது விசுவாசிக்கிறாளா என்று கேட்க உங்களுக்கு மனம் வரும். அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன். அந்தப் பதில் அவளுடையது. தாய்மாருக்கு ஒரு சிறப்பு வேண்டுகோள்: தயவுசெய்து அவளுக்குத் தொலைபேசி எடுத்து விசாரிக்காதீர்கள். ஜெபியுங்கள், ஜெபித்ததை அவளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பவேண்டாம்.

உங்கள் வீடுகளிலும் எங்கோ ஒரு மூலையில் கறை தெரியலாம். சாப்பாட்டு மேசைக்கு வராத பிள்ளையாக இருக்கலாம். காரணமின்றிச் சினக்கும் கணவராக இருக்கலாம். திடீரென ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு சகோதரியாக இருக்கலாம். என்னிடம் வந்து, பாஸ்டர், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்பீர்கள். இனி உடனே சொல்லமாட்டேன். முதலில் உங்களோடு கொஞ்ச நேரம் இருக்க அனுமதி கேட்பேன். கீழிருந்து தொடங்குவோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முழம்.

செப்டெம்பரில் அவளை ஹலிஃபக்ஸில் விட்டுவந்தோம். ட்ரெயிலரை இழுத்துக்கொண்டுதான் போனோம்; திரும்பும்போது வண்டி இலேசாக இருந்தது. கடந்த செவ்வாய்க்கிழமை இங்கே இரவு முழுவதும் மழை பெய்ததை அறிவீர்கள். காலையில் முன்றலுக்குப் போய்ப் பின்புற மூலையில் ஈரப்பதமானியைக் குத்தி, எண்ணைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். 13. வகுப்பில் இருந்திருப்பாள், மாலையில்தான் பதில் வந்தது.

"முன் விளக்கடியிலையும் பாருங்கோ அப்பா."